டிக்கெட் போடும் முன் ஒரு டீ

கம்பெனி வேலையில் வெளிநாடு போனவர் திரும்பும்போது அவருக்காக யோசிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வரும், வரிக் கணக்குப் பார்க்கக் கம்பெனியே ஆளை அமர்த்தித் தரும், சாமான் கட்டி அனுப்பவும் ஏற்பாடு இருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்தமாகப் பிழைக்கப் போன பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. சியாங் மாயிலோ பினாங்கிலோ துபாயிலோ இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, ஒருநாள் ராத்திரி "போதும்மா, வந்துடறேன்" என்று போன் செய்கிறார்கள். வீட்டில் சந்தோஷம். எந்த நாளில் விமானம் மலிவோ அந்த நாளுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்த அதே தேதி, ஒன்றரை லட்சம் ரூபாய் வரியைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

உட்காருங்கள், டீ சொல்லியாயிற்று. கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், கூட்டல் தெரிந்தால் போதும்.

கோவை பீளமேட்டுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். மென்பொருள் எழுதுகிறான், வாடிக்கையாளர்கள் பெர்லினிலும் நியூயார்க்கிலும். 2023 ஜூலை 15 அன்று தாய்லாந்து போனான். நடுவில் ஒரு பொங்கலுக்கு வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனான். 2025 நவம்பர் 10 அன்று மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டான். இப்போது கேள்வி: 2025 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை தாய்லாந்தில் உட்கார்ந்து சம்பாதித்த பணத்துக்கு இந்தியாவில் வரி உண்டா?

"அதெப்படி, அங்கே சம்பாதிச்சதுக்கு இங்கே வரி?" என்றுதான் யாரும் கேட்பார்கள். ஆனால் நம் வருமான வரிச் சட்டம் பணம் எங்கே வந்தது என்று முதலில் கேட்பதில்லை. ஆள் எத்தனை நாள் எங்கே இருந்தார் என்றுதான் கேட்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அவர் உள்நாட்டவர். இந்த 182-ஐ எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். "பாதி வருஷத்துக்குக் கம்மியா இருந்தா என்ஆர்ஐ" என்று டீக்கடையிலேயே சொல்வார்கள். அந்தப் பேச்சில் விட்டுப்போவது இரண்டாவது விதி: அந்த ஆண்டில் 60 நாள் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தமாக 365 நாள் இருந்திருந்தாலும் அவர் உள்நாட்டவர்தான்.

நம் பையனுக்குக் கூட்டிப் பார்ப்போம். நவம்பரில் 21 நாள், டிசம்பரில் 31, ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31. ஆக 142. அறுபதைத் தாண்டிவிட்டது. முந்தைய நான்கு ஆண்டுகளில் முதல் இரண்டும் முழுக்க ஊரில், மூன்றாவதில் கிளம்பும் வரை 106 நாள், நான்காவதில் பொங்கலுக்கு வந்த இருபது. 365 எப்போதோ தாண்டிவிட்டது. அவன் உள்நாட்டவன். நவம்பரிலிருந்து மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிதியாண்டு முழுவதற்கும், ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே உள்நாட்டவன். ஆண்டைப் பாதியாக வெட்டி "இதுவரை அந்நியன், இனிமேல் உள்ளூர்" என்று கணக்கிடும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. நம் வருமான வரிச் சட்டத்தில் இல்லை. உலகில் எங்கே சம்பாதித்திருந்தாலும் அது இங்கே காட்டப்பட வேண்டிய வருமானம்.

இதே பையன் 2026 பிப்ரவரி 1 அன்று வந்து இறங்கியிருந்தால்? மார்ச் 31 வரை 59 நாள். அந்த நிதியாண்டில் அவன் அயல்நாட்டில் வசிப்பவன், தாய்லாந்துச் சம்பாத்தியத்தை இந்தியா தொடாது. ஊருக்கு வந்து இங்கே உட்கார்ந்து செய்த இரண்டு மாத வேலையின் வருமானம் மட்டும் இந்தக் கணக்கில் சேரும். இத்தனை வித்தியாசமும் வந்து இறங்கிய தேதியால் வந்தது. வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணுவதா என்பதில் வழக்காடிய தீர்ப்புகள் உண்டு. அதனால் 59 என்று விளிம்பில் நிற்காமல் நாலைந்து நாள் இடம் விடுவதே நல்லது. 2028 மாதிரி பிப்ரவரிக்கு 29 நாள் வரும் ஆண்டில் ஒரு நாள் கூடிவிடும், அதையும் மறக்கக் கூடாது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்கள்: "வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கு 60 இல்லையே, 182 தானே?" சரிதான், ஆனால் அந்தச் சலுகை ஊருக்கு வந்துபோகிறவருக்கு. பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு என்று வந்து திரும்பிப் போகிறவருக்கு 182. அவருடைய இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 2020 முதல் அதுவும் 120 ஆகிவிட்டது. பெட்டி படுக்கையோடு நிரந்தரமாக வந்தவர், "சும்மா பார்க்க வந்தேன்" என்று சொல்லி இந்தச் சலுகையைக் கேட்டால் துறை ஒத்துக்கொள்வது கடினம்.

கிளம்பிப் போன ஆண்டிலும் இதே மாதிரி ஒரு முடிச்சு இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு அந்த ஆண்டில் 182 நாள் சலுகை உண்டு. சொந்தத் தொழிலும் இந்த 'வேலை'க்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சுற்றுலா விசாவில் போய், கோவையில் வைத்திருந்த அதே வாடிக்கையாளருக்கு அதே வேலையைக் கஃபேயில் உட்கார்ந்து செய்தவர், "வேலைக்காகத்தான் போனேன்" என்று நிறுவுவது அத்தனை சுலபம் இல்லை. நம் பையன் 2023-24இல் ஊரில் இருந்தது 106 நாள். சலுகை கிடைக்காவிட்டால் அந்த ஆண்டும் உள்நாட்டவனே. ரிட்டர்ன் போடாமல் விட்டிருந்தால் இப்போது புதுப்பித்த ரிட்டர்னாகப் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அதற்கு இடம் உண்டு. கூடுதலாகக் கட்ட வேண்டியது முதல் ஆண்டுக்குள் போட்டால் 25 சதவீதம், தள்ளிப்போகப் போக 50, 60, 70 என்று ஏறும். போடுவதென்றால் இந்த வருடமே போட்டுவிடுங்கள்.

சியாங் மாயில் இருந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைத்து ஊரே புகை மூடிக்கிடக்கும். மூச்சு முட்டி, அந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டுவார்கள். நம் பிள்ளைகளும் அப்போதுதான் ஊருக்கு வருவார்கள். பிப்ரவரி நடுவில் வந்து மே கடைசி வரை இருந்தால், அந்த நாட்கள் மார்ச் 31-ஐ வைத்து இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்து விழும். புகைக்குத் தப்பி வந்தவர்களுக்கு இது தெரியாமலே கிடைத்த லாபம்.

நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்குத் தனிப் படி ஒன்று உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் அயல்நாட்டில் வசிப்பவராக இருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தாலோ, திரும்பிய பின் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆறேழு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்த ஃப்ரீலான்சருக்கு அங்கே விட்டு வந்த டெபாசிட்டின் வட்டிக்கும் பங்குகளுக்கும் இது பயன்படும். மதுரையில் உட்கார்ந்து எழுதும் கோடுக்குப் பயன்படாது.

"அங்கே வரி கட்டியிருந்தால்?" கட்டியிருந்தால் கவலை பாதி குறைந்தது. இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே கட்டியதற்கான சான்றைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளலாம். பழைய விதிகளில் அதற்குப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். தாய்லாந்தின் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச் வரை. இரண்டையும் பொருத்திக் கணக்குப் போடுவது ஆடிட்டரின் தலைவலி. ஆனால் நடைமுறையில் நான் பார்ப்பது வேறு: பாதிப் பேர் எங்கேயுமே கட்டியதில்லை. தாய்லாந்தில் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்தால் அங்கே வரிக்கு உள்நாட்டவர். முன்பெல்லாம் வெளிநாட்டில் சம்பாதித்ததை அடுத்த வருடம் உள்ளே கொண்டுவந்தால் வரி இல்லை என்ற சந்து இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டுப் பணத்துக்கு, எந்த வருடத்தில் கொண்டுவந்தாலும் வரி உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். "நான் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவன், எனக்கு வரியே இல்லை" என்று இணையத்தில் பேசும் வீடியோக்களை நம்பியவர்கள், திரும்பி வரும்போதுதான் விழிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது பயமுறுத்தல் மாதிரி இருந்தால், இனி வருவது ஆறுதல். சொந்தத் தொழில் செய்யும் சில வகையினருக்கு நம் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவு. பொறியியல், கட்டடக் கலை, சட்டம், மருத்துவம், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற அறிவிக்கப்பட்ட தொழில் செய்யும் உள்நாட்டவர், வரவில் பாதியைச் செலவாக எடுத்துக்கொண்டு மீதிப் பாதியை வருமானமாகக் காட்டலாம். ரசீது கேட்க மாட்டார்கள். வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் 75 லட்சம் வரை. கட்டுரை எழுதுகிறவர், லோகோ வரைகிறவர் இதில் வருவாரா என்பதில் ஆடிட்டர்களிடையே இரு கருத்து உண்டு. மென்பொருள்காரருக்குச் சிக்கல் இல்லை.

2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள உள்நாட்டவருக்கு, இந்த மாதிரித் தொழில் வருமானத்துக்கு வரி இல்லை. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் பையன் மாதம் 2 லட்சம் சம்பாதிக்கிறான், ஆண்டுக்கு 24 லட்சம். பாதி 12 லட்சம். வரி பூஜ்யம். தாய்லாந்தில் சம்பாதித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாதம் 3 லட்சம் என்றால் ஆண்டுக்கு 36, வருமானம் 18 லட்சம், வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1,66,400 ரூபாய். ஆரம்பத்தில் ஒன்றரை லட்சம் என்றேனே, அது இந்தப் பையனுக்கு. ஆகவே மாதம் 2 லட்சத்துக்குள் சம்பாதிப்பவர் தேதியைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம், கணக்கைக் காட்டினால் போதும். அதற்கு மேலே போகிறவர் காலண்டரைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும். இந்தப் பிரிவில் வருபவர் முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். நவம்பரில் வந்தவருக்கு நான்கு மாத அவகாசம் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் கெட்டிக்காரர்களே விழுகிறார்கள். பாதி வரவைக் காட்டுகிறவர்கள் வழக்கமாகப் போடுவது ஐடிஆர்-4. சின்னப் படிவம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தாலே, அதில் நூறு பாட் மட்டும் கிடந்தாலும், ஐடிஆர்-4 போட முடியாது. ஐடிஆர்-3 தான். அதில்தான் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை இருக்கிறது. தாய்லாந்து வங்கிக் கணக்கு, வெளிநாட்டு டிஜிட்டல் வாலட், வெளிநாட்டுப் பங்குத் தரகரிடம் வைத்திருக்கும் பங்குகள் எல்லாம் அதில் வர வேண்டும். அந்த அட்டவணை மட்டும் டிசம்பரில் முடியும் காலண்டர் ஆண்டுக்கு. காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் நீங்கலான வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்கு மிகாவிட்டால் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். அபராதம்தான் தளர்ந்தது, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. "அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்காதீர்கள். நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017இலிருந்து இருக்கிறது.

இன்னொரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய், 'வரி ஆண்டு' என்று ஒன்றே. பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே. நாள் எண்ணும் முறையின் அடிப்படை மாறவில்லை.

டீ ஆறிவிட்டதா? இன்னொன்று சொல்லலாம். வந்து சேர்ந்த பிறகு செய்ய வேண்டியதைப் பார்க்க வேண்டும்.

வந்த பின் பலரும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கை: "வாடிக்கையாளர் வெளிநாடு, பணம் டாலர், அது வெளிநாட்டுக் கணக்கிலேயே இருக்கு, அதனால இந்திய வரி இல்லை." இது தவறு. பீளமேட்டில் உட்கார்ந்து பெர்லினுக்காகச் செய்த வேலை பீளமேட்டில் விளைந்த வருமானம். பணத்தை எங்கே வாங்கினாலும் அதுதான் நிலை. அதோடு, அப்படி வாங்கிய பணத்தை வெளியிலேயே வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது, இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். வங்கியில் வந்து சேரும்போது நோக்கக் குறியீடு கேட்பார்கள், மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பின்னால் ஜிஎஸ்டிக்கும் அதுதான் சாட்சி. பேபால் வைத்திருந்தவர்கள் நாட்டை மாற்ற முடியாது. பழையதை மூடிவிட்டு இந்தியக் கணக்கு புதிதாகத் திறக்க வேண்டும். மூடுவதற்கு முன் பழைய கணக்கு விவரங்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க வாடிக்கையாளர் இருந்தால் அந்நாட்டு வரிக்காக அவரிடம் கொடுத்திருக்கும் டபிள்யூ-8பென் படிவத்தில் தாய்லாந்து முகவரி இருக்கும். நிலைமை மாறி 30 நாளுக்குள் புதியது தர வேண்டும்.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நாள் கணக்கும் வருமான வரியின் நாள் கணக்கும் ஒன்றல்ல. நிரந்தரமாக வந்து இறங்கியவரை அந்தச் சட்டம் இறங்கிய நாளிலிருந்தே உள்நாட்டவராகப் பார்க்கிறது. வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருந்தால் வங்கிக்குச் சொல்லி உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும். என்ஆர்இ பணத்தை வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்துக்கொள்ள ஆர்எஃப்சி என்ற கணக்குக்கு மாற்றலாம். வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் மட்டும் முதிர்வு வரை ஓடலாம். சொல்லாமல் விட்டால், என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பது பின்னால் வம்பாகும். அங்கே இருந்தபோது நேர்மையாகச் சம்பாதித்துச் சேர்த்ததை அங்கேயே வைத்திருக்கத் தடையில்லை, கணக்கில் காட்டினால் போதும்.

ஜிஎஸ்டி பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. இங்கிருந்து செய்யும் சேவையின் வரவு நிதியாண்டில் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்து வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் அது ஏற்றுமதி, வரி பூஜ்யம். அதற்கு எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டால் வரவில்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம். உள்ளூர்க் கம்பெனிக்குப் பில் போட்டால் அங்கே 18 சதவீதம் உண்டு.

இத்தனையும் செய்ய உட்காரும்போது எல்லாமே ஒரு இடத்தில் வந்து முட்டும்: பழைய மொபைல் எண். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் விட்டால் சிம் செத்துவிடலாம், எண் வேறொருவருக்குப் போய்விடும். ஆதார், பான், வங்கி, வருமான வரித் தளம் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்தான் இந்தக் காலத்துச் சாவிக்கொத்து. யாரோ முகம் தெரியாதவர் கையில் அது இருந்துகொண்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கும்போதே மலிவான ரீசார்ஜில் அதை உயிரோடு வைத்திருப்பது நல்லது. போய்விட்டிருந்தால், வந்த முதல் வாரத்தில் ஆதார் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்துப் புது எண்ணைச் சேர்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அடுத்து பான். 2023 ஜூன் 30க்குள் ஆதாரோடு இணைக்காத பான் அட்டைகள் செயலிழந்தன. 1,000 ரூபாய் கட்டி இணைத்தால் உயிர்பெறும். அப்புறம் இரண்டு வருடமாகத் தொடாத சேமிப்புக் கணக்கு. அதை வங்கி செயல்படாத கணக்காக ஒதுக்கியிருக்கும். அடையாள ஆவணங்களைக் கொடுத்தால் மீண்டும் திறப்பார்கள். கட்டணம் கேட்டால், ரிசர்வ் வங்கி அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது என்று மரியாதையாக நினைவூட்டுங்கள்.

விமான நிலையச் சுங்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பதினெட்டு வயது தாண்டியவருக்கு ஒரு லேப்டாப்புக்குத் தீர்வை இல்லை. இரண்டாவது பொதுச் சலுகை வரம்புக்குள் வரும்.

உடல்நலக் காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கம்பெனி ஊழியருக்குக் கம்பெனி போட்டுவிடும், சொந்தத் தொழில்காரர் தானே போட்டுக்கொள்ள வேண்டும். பயணக் காப்பீடு ஊர் வந்ததும் முடிந்துவிடும். இங்கே புதிதாக எடுத்தால் விபத்து நீங்கலாக முதல் 30 நாளுக்குப் பொதுவாக எதற்கும் பணம் வராது. முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். ஆகவே "ஆற அமரப் பார்க்கலாம்" என்று தள்ளும் ஒவ்வொரு மாதமும் அந்தக் காத்திருப்பின் பின்னால் போய்ச் சேர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் உடல்நலப் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. இருபத்தெட்டு வயதில் எடுப்பதும் முப்பத்தைந்தில் எடுப்பதும் பிரீமியத்தில் ஒன்றாக இருக்காது.

வீட்டுக் கடன், வாகனக் கடன் என்று போனால் சொந்தத் தொழில்காரரிடம் வங்கி முதலில் கேட்பது இரண்டு மூன்று வருட ரிட்டர்ன். கையில் முப்பது லட்சம் இருந்தாலும் காகிதம் இல்லையென்றால் மேலாளர் கையை விரிப்பார். வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போடச் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம். பெண் பார்க்கப் போன வீட்டில் "தம்பி என்ன வேலை?" என்ற கேள்விக்கும், அனுபவத்தில், ஐடிஆர் நகல் நீண்ட விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஊர் வந்ததில் லாபமும் உண்டு, யாரும் சொல்வதில்லை. பெர்லினில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிகிறது என்றால், கோடையில் சியாங் மாயில் அது இரவு பத்து. கோவையில் எட்டரை. ஐரோப்பிய வாடிக்கையாளர் உள்ளவருக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் ராத்திரி திரும்பக் கிடைக்கிறது. வீட்டுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பிள்ளையை "சும்மாதானே இருக்கே, கேஸ் சிலிண்டர் வருது, வாங்கி வை" என்று கூப்பிடுவதை வீட்டாரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் நாள் எண்ணாதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள். வரி என்ன ஆகிறதோ ஆகட்டும். அப்படி அவசரம் இல்லை, மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது, நவம்பரா பிப்ரவரியா என்பது உங்கள் கையில் இருக்கிறது என்றால், பிப்ரவரி. டிக்கெட் போடும் முன் ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள். கடந்த பத்து நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இ-கேட் வழியாக வந்துபோன பயணங்களுக்கு முத்திரை விழாமல் போயிருக்கலாம், போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூடவே பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.